ரோட்டுக்கு முதுகு காட்டிய பெஞ்சுகள்

குமுளி சாலையை அகலப்படுத்தி நேராக்கியபோது, கூடலூருக்கு இந்தப் பக்கம் பழைய வளைவு ஒன்று தனியே மிஞ்சியது. அதில் புங்கங்கன்று நட்டு, சிமெண்டு பெஞ்சு போடச்சொல்லிப் பஞ்சாயத்துக்கு நடையாய் நடந்தவள் என் அத்தை. அவளோடு ஏலத்தோட்ட வேலைக்கு மலையேறும் பெண்களை ஜீப் சாயங்காலம் அங்கேதான் இறக்கிவிடும். எங்கள் ஊர் மினிபஸ் வரும்வரை நின்றுகொண்டே இருப்பார்கள்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. ஆரன் சத்தத்தை வைத்தே எந்த லாரி என்று சொல்லும் மேதை. இன்றுவரை சைக்கிளுக்கு மேல் எதையும் ஓட்டியதில்லை என்பது வேறு விஷயம். உட்கார்ந்தபடி லாரி பார்க்கலாம் என்பதால் அத்தையின் போராட்டத்துக்கு என் முழு ஆதரவு இருந்தது.

மேஸ்திரி, முதல் பெஞ்சைச் சாய்மானத்தோடு குழியில் நிறுத்திக் கான்கிரீட் போட்டு முடித்த சமயம் ஜீப் வந்தது. அத்தை இறங்கியதும் இறங்காததுமாகக் கேட்டாள்:

"என்னண்ணே, ரோட்டப் பாத்து நட்டிருக்கீக?"

"பின்ன? வார பஸ்ஸு தெரிய வேணாமா?"

"பஸ்ஸுக்குத்தான் ஆரன் இருக்கே. இப்பிடிப் போட்டா ஒருத்தி உக்கார மாட்டா. திருப்பி நடுங்க."

"ஏன் உக்கார மாட்டாகளாம்?"

"நீங்க ஒருநா சேலையக் கட்டிக்கிட்டு, போறவன் வாரவன் பாக்க இங்கன உக்காந்து பாருங்க."

சித்தாள்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மேஸ்திரி முகம் சுருங்கி, கான்கிரீட் இறுகிவிட்டால் பேச்சு முடிந்தது என்ற தைரியத்தில் கரண்டியைக் கழுவப் போனார்.

"அவுக சொல்றதுதான் சரி அத்தை" என்றேன். பதில் தலையில் குட்டாக வந்தது.

"பிடிங்கடி" என்றாள் கூட இறங்கிய பெண்களிடம்.

ஏலமூட்டை தூக்கிய கைகள். பெஞ்சு மரவள்ளிக்கிழங்கு மாதிரிக் குழியைவிட்டு வந்தது. மேஸ்திரி திரும்பியபோது அது மறுபக்கம் பார்த்து நின்றுகொண்டிருந்தது.

"மட்டம் மட்டும் பாத்துக் குடுங்கண்ணே" என்றாள் அத்தை, வெகு மரியாதையாக. பார்த்துக் கொடுத்தார். மற்ற பெஞ்சுகளையும் அவரே அப்படி நட்டார்.

திறப்பு விழாப் படத்தில் பஞ்சாயத்துத் தலைவர் ரோட்டோரமாக நின்று ரிப்பன் வெட்டுகிறார். அவருக்குப் பின்னால் வரிசையாகக் கொண்டைகள். ஒருத்தியும் திரும்பவில்லை.

அன்று செருப்பைக் கழற்றி, காலை நீட்டி, எதற்கென்றே தெரியாமல் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் மட்டும் பெஞ்சில் முழங்காலிட்டு, சாய்மானத்துக்கு மேலாக லாரி பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்களுக்கு எதிரே இருந்ததோ, காலையிலிருந்து அவர்கள் குனிந்து வேலை பார்த்த அதே மலை. இதைப் பார்க்கவா இத்தனை சண்டை என்று அத்தைக்காக வருத்தப்பட்டேன்.