பூஜ்யம்தான் விடை

இராஜபாளையத்தில் நான் ஏறும் கல்லூரிப் பேருந்தில் அவள் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஏறுவாள். கிருஷ்ணன்கோவிலில் ஒரே பேராசிரியரிடம் இருவரும் இயற்பியல் ஆய்வு மாணவிகள். அவள் கணவர் ராணுவத்தில், பதான்கோட்டில் இருந்தார். ஆய்வேட்டைக் கொடுத்ததும் மகளோடு அங்கே போய்விடுவதாக ஏற்பாடு. குவார்ட்டர்ஸ்கூடக் கிடைத்துவிட்டது.

மெல்லிய தளத்துக்குள் மட்டும் ஓடும் எலக்ட்ரான்களைப் பற்றியது அவள் ஆய்வு. ஒவ்வொன்றுக்கும் ஸ்பின் என்றொரு குணம் உண்டு. ஓட்டமும் ஸ்பினும் பிணைந்த பொருளில் எலக்ட்ரான்களை முன்னே தள்ளினால், மேல் ஸ்பின் ஒரு பக்கமும் கீழ் ஸ்பின் மறுபக்கமும் ஒதுங்கப் பார்க்கும். ஆனால் பொருளில் மாசு இருந்தால், எளிய பிணைப்பில் அந்தப் பக்கவாட்டு ஓட்டம் பூஜ்யமாகிவிடும். அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அவள் இன்னொரு வகைப் பிணைப்பையும் சேர்த்துக் கணக்கிட்டாள். நல்ல பெரிய எண் வந்தது. பேராசிரியருக்கு வாயெல்லாம் பல்.

ஒரு நாள் பேருந்தில் அவள் பேசவே இல்லை. எனக்குப் பொறுக்கவில்லை, பிடுங்கி எடுத்தேன்.

"அந்த நம்பர் தப்புட்டி. எல்லாம் ஒரு நிலைக்கு வந்த பொறவு ஸ்பின் மாறாதுல்ல? அந்த மாற்றமும் பக்கவாட்டு ஓட்டமும் ஒரே கயித்துல கட்டுனது. மாற்றமே இல்லன்னா ஓட்டம் எங்கிருந்து வரும்?"

பேசாமல் கட்டுரையை அனுப்பித் தொலை என்றேன். சிரித்தாள். பிறகு தன் கணினி நிரலைக் குடைந்து பார்த்தாள். எலக்ட்ரான் மாசில் மோதும்போது ஸ்பினுக்கு நேரும் மாற்றம் அதில் விடுபட்டிருந்தது. சேர்த்தாள். எண் காணாமல் போயிற்று.

ஆய்வுக் கூட்டத்தில் அவளே பலகையில் நாலு வரி எழுதி, கடைசியில் பூஜ்யம் போட்டாள். குரல் நடுங்கவில்லை. பேராசிரியர் வரிவரியாகச் சரிபார்த்துவிட்டு, எழுந்து வந்து அதைப் போனில் படம் எடுத்துக்கொண்டார். அப்புறம், ஆய்வேட்டுக்கு வேறு கேள்வி எடுக்கவேண்டும், இன்னும் ஒரு வருடமாவது ஆகும் என்றார். அப்படியொரு மனுஷியை என் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு நான் அதுவரை வெறும் அரட்டைதான் அடித்திருக்கிறேன்.

மாலைப் பேருந்தில் கணவருக்கு போன் செய்து எல்லாவற்றையும் சொன்னாள், குவார்ட்டர்ஸை விட்டுக்கொடுத்துவிடவும் சொன்னாள். வைத்ததும் கேட்டேன்.

"என்னட்டி சொன்னாவ?"

"'இப்ப வந்தது சரியான விடைதானா'ன்னு கேட்டாவ. ஆமான்னேன். 'அப்ப லீவு போட்டு நான் அங்கன வாரேன்'னுட்டாவ."

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஸ்ரீவில்லிபுத்தூர் வரும்வரை அழுதாள். நான் அவள் பையை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன்.