கொழுந்தாகக் கிள்ளிய கீரை

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு ஈப்போவில் பேருந்து ஏறினேன். மலைமேலிருக்கும் தானா ராத்தாவுக்கு ஏறக்குறைய தொண்ணூறு கிலோமீட்டர். கட்டணம் இருபத்தைந்து ரிங்கிட். ஓய்வு பெறும் வரை நகராண்மைக் கழகத்தின் உரிமப் பிரிவில் இருந்தவன் நான். எந்த மனு எந்த மேசையில் உறங்கும், யார் இருமினால் விழிக்கும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும்.

அந்த ஞானம் இப்போது மனைவியின் அண்ணன் மகள் செல்வராணிக்குப் பயன்பட்டது. அவளும் ரிங்லெட் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் பெண்கள் சிலரும் தொழிலாளர் லைன் வீடுகளுக்குப் பின்னாலிருந்த வெற்று நிலத்தில் கீரை போட்டிருந்தார்கள். தோட்ட நிர்வாகத்தின் அனுமதியை நான்தான் எழுதி எழுதி வாங்கினேன். தானா ராத்தாவில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் காதர் பாய் ஒரே ஒரு வாய்ப்புக் கொடுத்திருந்தார். இன்றைய மதியம் கீரை சரியாக வந்தால் வாரம் முழுக்க அவர்களிடமே வாங்குவார். தவறினால் மறுபடி மொத்த வியாபாரியின் லாரிதான். பெண்கள் உழைத்த பாத்தி களைக்குப் போய்விடும்.

ஒன்பதே முக்காலுக்குக் கம்போங் ராஜா. எதிரே முட்டைக்கோஸ் லாரிகள் வரிசையாக இறங்கிக்கொண்டிருந்தன.

"பாத்தீங்களா அங்கிள்," என்றார் ஓட்டுநர். "நம்ம கோஸு கீழ போயி, நாலு கை மாறி, பிளாஸ்டிக் சட்டை போட்டுக்கிட்டு திரும்ப மேல வரும். அதுக்கு நம்மளவிட அதிக டிக்கெட் லா."

பத்தரைக்கு நான் காதர் பாய் கடைக்குப் போனபோது வாசலில் செல்வராணியின் வேன் நின்றது. கீரையை எத்தனை மணிக்குக் கொண்டு வருவது, எப்படிக் கழுவுவது, எந்தக் கூடையில் வைப்பது என்று இரண்டு பக்கத்துக்கு விதி எழுதிக் கொடுத்திருந்தேன். எப்படிப் பறிப்பது என்று மட்டும் எழுதவில்லை. அதை யாராவது எழுதுவார்களா?

கூடையைத் திறந்த காதர் பாயின் முகம் மாறியது. வேரும் தண்டுமாகக் கட்டுக் கீரை இல்லை. அத்தனையும் நுனி. தேயிலை பறிப்பதுபோல, இளம் இலையும் குருத்துமாகக் கிள்ளிக் குவித்திருந்தார்கள்.

"என்னாம்மா இது? கட்டு எங்க? பன்னெண்டு மணிக்குக் கூட்டம் வந்துடும். இதை வச்சு நான் டீயா போடுறது?"

"வேணும்னு செய்யல பாய்," என்றாள் செல்வராணி. "விடியக்காலைல பாத்தில எறங்குனோம், கை பாட்டுக்குக் கொழுந்து எடுத்துருச்சு. இருவது வருசத்துப் பழக்கம். மாமா, நீங்களாச்சும் சொல்லுங்க."

நான் என் பிரதியைப் புரட்டி, இல்லாத மூன்றாம் பக்கத்தைத் தேடினேன்.

வேறு கீரைக்கு நேரமும் இல்லை. சமையற்காரர் முணுமுணுத்தபடி பூண்டும் மிளகாயும் தாளித்துக் குருத்துகளைக் கொட்டினார். தண்டு ஆய்கிற வேலை இல்லாததால் உதவியாளர்கள் கைகட்டி நின்றார்கள். பச்சை மாறாமல் நொடியில் வெந்துவிட்டது.

பன்னிரண்டரைக்கு மருத்துவமனைத் தாதியர் இருவர் இரண்டாம் தட்டுக் கேட்டார்கள். அவர்களைப் பார்த்துப் பக்கத்து மேசையும் கேட்டது. ஒன்றரைக்குச் சட்டி காலி. சமையற்காரர் கரண்டியால் சுரண்டிக் காட்டினார். காதர் பாய் அதையும் தம் தட்டில் போட்டுக்கொண்டார்.

"தங்கச்சி, திங்கக்கிழமை இதே மாதிரி வேணும். ஆனா கிள்ளிட்டீங்களே, வருமா?"

"வேரு நிலத்துலதான இருக்கு பாய்? கிள்ளுன எடத்துல ரெண்டா கிளைக்கும். திங்கக்கிழமைக்கு அடுத்த பாத்தி. அதுக்குள்ள இது துளிர்த்துரும்."

"அப்ப கட்டுக்கணக்கு சரிப்படாது. எடைக்கு எடுத்துக்கறேன்," என்று பாய் வேனில் மிஞ்சியிருந்த கூடையை நிறுக்கத் தம் தராசை இழுத்தார். செல்வராணி அதன்மேல் கை வைத்தாள்.

"காலம்பூரா எங்க கொழுந்தத் தோட்டத்துக் கணக்கு எழுதுற கிராணி எடை போட்டாரு. ஈரம்னு கழிச்சாரு, கூடைன்னு கழிச்சாரு. நாங்க பாத்துக்கிட்டு நின்னோம். இனி நான் போடுறேன். நீங்க பாருங்க."

காதர் பாய் சிரித்துக்கொண்டே தராசை அவள் பக்கம் திருப்பி வைத்தார். நான் என் இரண்டு பக்க விதியைக் கிழித்து மேசை துடைக்கக் கொடுத்தேன். என் பணிக்காலத்தையும் சேர்த்து நான் போட்ட மிகச் சிறந்த உத்தரவு அதுதான்.

மாலை மூன்று மணிப் பேருந்தில் கீழே இறங்கினேன். ஈப்போவில் எங்கள் குடியிருப்பின் சந்தையில் கீரை எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், கடைக்காரர் லாரியைக் காட்டுவார். தானா ராத்தாவில் இனி ஒரு பெண்ணைக் காட்டுவார்கள். மடியில் அரைக் கிலோ குருத்து இருந்தது. சொந்தக்காரன் என்று ஒரு பிடி கூடுதலாக விழும் என எதிர்பார்த்தேன். ஆனால் புறப்படுமுன் எனக்கு நிறுத்தபோது செல்வராணி, தராசு முள் சரியாக நடுவில் நிற்கும்படி, மிஞ்சிய ஒரு குருத்தை எடுத்துக் கூடையில் திரும்பப் போட்டாள்.