வெள்ளையை எடுத்தவன் நான்தான்

அரியலூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் தலைமையாசிரியராக இருந்தேன். சீருடை வேண்டாம், பார்வைக்கு ஒழுங்கான உடை எதுவானாலும் போதும் என்று பெற்றோர் கேட்டார்கள். வெள்ளைச் சட்டைதான் என்று நான் பிடிவாதம் பிடித்தேன்.

எங்கள் வாட்ச்மேன் ஒல்லியான மனிதர். மீசை மட்டும் இரண்டு பேருக்குக் காணும். சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குப் பின்னால் சைக்கிள் மிதித்து வரும் பிள்ளைகளை வாசலிலேயே நிறுத்தி, துண்டால் தூசி தட்டி உள்ளே அனுப்புவார்.

"இது பள்ளிக்கூடமா, நெல் களமா?" என்று அதட்டி அதை நிறுத்தினேன்.

அரையாண்டுத் தேர்வன்று சட்டையெல்லாம் தூசியாக வந்த ஒரு பெண்ணை வீட்டுக்குத் திருப்பி அனுப்பினேன். வேறு சட்டை போட்டுக்கொண்டு அவள் வந்தபோது கணக்குப் பரீட்சை முடிந்திருந்தது. அந்தச் சட்டையிலும் தூசி. அழுதுகொண்டே போனாள்.

"வெள்ளைய யாரு சார் எடுத்தது?" என்று கேட்டார் வாட்ச்மேன்.

"நான்தான்."

"அதானே! நீங்க கண்ணாடிய ஏத்திவுட்டுக்கிட்டு கார்ல வரீங்க. அந்தப் புள்ள லாரிக்குப் பின்னாடில்ல வருது!"

மாற்றினால் அவர் சொன்னது சரி என்று ஆகிவிடுமே என்றுதான், ஓய்வு பெறும்வரை நான் நிறத்தை மாற்றவில்லை.

அப்படிக் கேட்ட மறுநாளும் அவர் சிரித்துக்கொண்டே எனக்கு வணக்கம் வைத்தார். அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் வைத்திருக்க மாட்டேன்.