சௌந்தரத்தின் இடது கால்

நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிவரும் டிராக்டர்களில் ஒன்றைப் பதினாறு ஆண்டுகளாக ஒரு பெண் ஓட்டிக்கொண்டிருக்கிறார். பெயர் சௌந்தரம், வயது ஐம்பத்திரண்டு. கணவர் இறந்தபோது டிராக்டரை விற்றுவிடச் சொன்னவர்களின் பேச்சை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இரண்டு வாரத்தில் ஓட்டக் கற்றுக்கொண்டு, மூன்றாம் வாரத்தில் தன் முதல் லோடை ஆலை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். பாரம் ஏற்றிய டிரெய்லரைப் பின்னால் வளைத்துச் சந்துக்குள் விடுவதில் இன்று அவருக்கு இணையானவர்கள் அந்தப் பக்கம் இரண்டு மூன்று பேர்தான் இருப்பார்கள்.

சர்க்கரை நோய் வந்து பதினொரு வருடம் ஆகிறது. மாத்திரையைத் தவறாமல் போடுவார், ரத்தப் பரிசோதனைக்கு மட்டும் போகமாட்டார். பாதங்கள் மரத்துப்போனதை ஒரு தொந்தரவாகவே அவர் நினைக்கவில்லை. வெறுங்காலோடு ஓட்டினால்தான் கிளட்ச் காலுக்கு அடங்கும் என்பது அவர் கட்சி. அப்படி ஓட்டிய ஒரு நாள், வண்டியின் சூடேறிய தகட்டில் இடது காலின் சுண்டுவிரல் பட்டுக் கொப்பளித்தது. வலி இல்லாததால் அவருக்கு அது தெரியவில்லை. நான்கு நாள் கழித்து, வீட்டுக்குள் ஏதோ நாற்றம் அடிக்கிறதே என்று தேடிய மருமகள் மாலதிதான் கண்டுபிடித்தாள். விரல் கறுத்துப்போயிருந்தது. கடலூரில் அறுவை சிகிச்சை செய்து அதை எடுத்துவிட்டார்கள்.

விரல் போனதற்குச் சௌந்தரம் கலங்கவில்லை. கிளட்சை மிதிக்க மிச்சம் நாலு விரல் இருக்கிறது என்றார். ஆனால் தையல் போட்ட இடம் பிரிந்துகொண்டது. பாக்கு அளவுக்கு ஒரு பள்ளம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் கட்டு மாற்றியும் பத்து வாரமாக அது அப்படியே கிடந்தது. பெண்ணாடத்திலிருந்து பார்க்க வந்த அண்ணன் காத்தவராயன், தன் தெருவில் ஒருவருக்கு இப்படித்தான் விரலில் தொடங்கி முழங்கால் வரைக்கும் எடுத்தார்கள் என்று சொல்லி, மனசைத் தயார்படுத்திக்கொள்ளச் சொன்னார்.

"என் காலு எதுவரைக்கும் இருக்கணும்னு நான் இன்னும் முடிவு பண்ணலண்ணே. நீ காப்பிய குடி" என்றார் சௌந்தரம்.

கடலூர் மருத்துவர் காலுக்கு ரத்த ஓட்டம் நன்றாக இருக்கிறதா, எலும்பில் சீழ் இருக்கிறதா என்று பார்த்தார். பயப்படும்படி ஒன்றும் இல்லை. ஆறாத புண்களுக்கு லேசர் வைக்கிற சிகிச்சை மையம் சிதம்பரத்தில் ஒன்று இருப்பதாகச் சொல்லிக் கடிதம் கொடுத்தார்.

அங்கே இருந்த மருத்துவர் சித்தார்த் முப்பத்தைந்து வயதுக்காரர், நிதானமாகப் பேசுகிறவர். லேசர் என்றால் சுடுமா என்று சௌந்தரம் கேட்டதும், பயப்படுகிறார் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

"பயமெல்லாம் இல்லங்க. சுட்டாலும் எனக்குத் தெரியாது. அதான் முன்னாடியே கேட்டு வச்சிக்கிறேன்."

மருத்துவர் சிரித்துவிட்டு விளக்கினார். அறுப்பதற்கும் கருக்குவதற்கும் உள்ள லேசர் வேறு. இது வலுக் குறைந்த சிவப்பு ஒளி, சூடு இருக்காது. சோம்பிக் கிடக்கிற திசுவைத் தூண்டிவிடும், புண்ணை மூட வேண்டியது உடம்புதான். எல்லோருக்கும் ஒரே மாதிரி பலன் கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. சர்க்கரை குறைய வேண்டும், கட்டு சுத்தமாக இருக்க வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலே அந்தப் பாதத்தில் பாரம் விழவே கூடாது. இதில் ஒன்று தவறினாலும் லேசர் வீண்.

வாரத்துக்கு மூன்று நாள் வரச் சொன்னார்கள். அத்தனையையும் ஒரே நாளில் வைத்து முடிக்க முடியாதா என்று சௌந்தரம் கேட்டுப் பார்த்தார். அளவு ஜாஸ்தியானால் பலன் குறைந்துவிடும் என்றார் செவிலியர் ஜெயராணி.

திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் பாசஞ்சர் ரயிலில் மாலதியோடு சிதம்பரம் போனார். குதிகால் மட்டும் தரையில் படுகிற ஒரு செருப்பு, கையில் ஒரு ஊன்றுகோல். ஜெயராணி இருவருக்கும் கறுப்புக் கண்ணாடி மாட்டிவிட்டு, புண்ணைக் கழுவி, டார்ச் போன்ற கருவியை அதன்மேல் பிடிப்பார். மூன்று நிமிடம்தான். சௌந்தரத்துக்கு ஒன்றும் தெரியாது. அவருக்குப் பிடித்தது அதற்கப்புறம் நடந்த வேலை. வாரக் கடைசியில் ஜெயராணி கட்டம் போட்ட கண்ணாடித் தாளைப் புண்ணுக்கு மேலே பிடித்து, அதன் ஓரத்தைப் பேனாவால் வரைந்து தேதி போடுவார். நிலத்தின் புலப்படத்தைப் பார்க்கிற மாதிரி சௌந்தரம் அந்தத் தாளை வாங்கி, எத்தனை கட்டம் என்று தானே எண்ணுவார். பதினான்கு, பிறகு பன்னிரண்டு, மூன்றாம் வாரம் ஒன்பது. ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களிடமெல்லாம் அந்தக் கணக்கைச் சொன்னார்.

நான்காம் வாரம், அவருடைய வயல் கரும்பை வெட்டி அனுப்பச் சொல்லி ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வந்தது. கரும்பை வெட்டி ஏற்றியாகிவிட்டது. விடுமுறை நாளில் வண்டி ஓட்டித் தருகிற மகன் இளவரசுவை, செம்மங்குப்பத்து ரசாயனத் தொழிற்சாலையில் இரண்டாவது ஷிப்டுக்கும் நிறுத்திக்கொண்டார்கள். வெட்டிய கரும்பு வெயிலில் காய்ந்தால் எடை போய்விடும். ஆறு கிலோமீட்டர்தானே என்று சௌந்தரம் ஏறி உட்கார்ந்தார். மாலதி கத்திக்கொண்டே வயல் வரப்பு வரை ஓடிவந்தாள். லோடு போய்ச் சேர்ந்தது.

வெள்ளிக்கிழமை ஜெயராணி வரைந்த கோடு, முந்தின வாரக் கோட்டைத் தாண்டி வெளியே போனது. பதிமூன்று கட்டம். ஜெயராணி இரண்டு தாள்களையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துச் சௌந்தரத்தின் கையில் கொடுத்துவிட்டு, என்ன நடந்தது என்று மட்டும் கேட்டார். சௌந்தரம் மறைக்கவில்லை.

"நான் மூணு நிமிஷம் லேசர் புடிக்கிறேன். மத்த நேரமெல்லாம் காலு ஒங்ககிட்டதாம்மா இருக்குது" என்றார் ஜெயராணி.

திட்டியிருந்தால் சௌந்தரம் திருப்பிப் பேசியிருப்பார். திரும்பும் ரயிலில், புண் ஆறும்வரை தன்னால் வண்டி ஓட்ட முடியாது என்று மாலதியிடம் தானே சொன்னார். தன்னால் முடியாதது என்று ஒன்று உண்டு என அவர் ஒத்துக்கொண்டது அன்றைக்குத்தான் என்கிறாள் மாலதி.

மறுநாள் காலை பக்கத்து நிலத்துக்காரர் சுப்பிரமணியனைப் பார்க்கப் போனார். அவரிடம் வண்டியும் இருந்தது, ஓட்ட ஆளும் இருந்தான். இந்தப் பருவம் முழுக்க என் கரும்பையும் உங்கள் வண்டி எடுக்கட்டும், அடுத்த பருவத்தில் உங்கள் லோடு எல்லாம் என் பொறுப்பு என்றார். அடுத்த பருவம் ஓட்டுகிற நிலையில் இருப்பீர்களா என்று சுப்பிரமணியன் தயங்கித் தயங்கித்தான் கேட்டார்.

"இருப்பேன். அதுக்காவதான் இப்ப ஒக்காந்திருக்கப் போறேன்."

உட்கார்ந்தார். நாற்காலியில் காலை நீட்டியபடி, வெட்டு ஆட்களையும் வண்டியையும் போனிலேயே நடத்தினார். இரவுச் சோற்றைப் பாதியாகக் குறைத்து, மாலதி எழுதி வைத்த நேரப்படி சர்க்கரை பார்த்து, மருத்துவர் புதிதாக எழுதிக் கொடுத்த இன்சுலின் ஊசியைத் தானே போட்டுக்கொண்டார். ஆறாம் வாரம் பள்ளத்தின் அடியில் சிவந்த சதை தெரிந்தது. கட்டங்கள் ஏழு, நான்கு, ஒன்றரை என்று இறங்கின. பன்னிரண்டாம் வாரம் ஜெயராணி தாளை எடுத்துவந்து, காலைத் திருப்பிப் பார்த்துவிட்டுப் பேனாவை மூடி வைத்தார். வரைய ஒன்றும் இல்லை. இளஞ்சிவப்பாக மெல்லிய தோல் மூடியிருந்தது.

லேசரா, சர்க்கரை இறங்கியதா, கால் ஓய்ந்திருந்ததா, எது ஆற்றியது என்று சௌந்தரம் கேட்டார். மூன்றும் சேர்ந்து என்றுதான் தன்னால் சொல்ல முடியும் என்றார் மருத்துவர். பாதம் இன்னும் மரத்துத்தான் இருக்கிறது, புண் மறுபடியும் வரலாம், வெறுங்காலோடு ஓர் அடிகூட வைக்கக் கூடாது என்றும் எச்சரித்தார்.

அடுத்த மார்கழியில் ஆலையில் கரும்பு அரவை தொடங்கியபோது, அளவெடுத்துத் தைத்த மூடிய செருப்போடு சௌந்தரம் வண்டியில் ஏறினார். கால் படுகிற தகட்டின்மேல் தடித்த ரப்பர் விரித்திருந்தார். செருப்போடு கிளட்ச் பிடிபட நான்கு நாள் ஆயிற்று. ஐந்தாம் நாள் சுப்பிரமணியனின் முதல் லோடை ஆலைக்குக் கொண்டுபோனார். வரிசையில் ஏழாவது வண்டி அவருடையது. காத்திருந்த நேரத்தில் செருப்பைக் கழற்றி, சின்னக் கண்ணாடியைப் பாதத்துக்குக் கீழே பிடித்து நிதானமாகப் பார்த்தார். ஒரு கீறல்கூட இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டு, முன்வண்டி நகர்ந்ததும் கிளட்சை மிதித்தார்.