லினக்ஸுக்கு நான் போட்ட பிள்ளையார் சுழி

இன்று மகளின் கல்லூரி விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். வருமானச் சான்றிதழை வாங்கிக்கொண்டு பதினொன்றரை பஸ்ஸில் ராமநாதபுரம் போனால்தான் கொடுக்க முடியும்.

தாலுகா ஆபீஸில் கிளார்க் செல்வி, எனக்குத் தங்கச்சி முறை, கம்ப்யூட்டர் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அரசாங்க உத்தரவுப்படி நேற்றுதான் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டார்களாம்.

“புதுசுல முதல் எழுத்துண்ணே. பன்னெண்டுக்கு ராகு காலம் முடியட்டும், அடிச்சுத் தாரேன்.”

“ஏத்தா, இது எந்தெந்த நாட்டுலயோ ஆளுக சேர்ந்து எழுதி, சும்மா கொடுத்ததாமே. அவுக எந்த ஊரு ராகு காலத்தைப் பார்த்தாக?”

“மெஷினுக்குப் பார்க்க வேணாம்ணே. எனக்குப் பார்க்கணும்ல?”

மணி பதினொன்று.

“அப்ப முதல் எழுத்தை நான் அடிக்கிறேன். வர்றது எனக்கு வரட்டும்.”

செல்வி யோசித்துவிட்டு நாற்காலியை நகர்த்தினாள். “இங்கன அமுக்குங்க” என்றாள். ஒற்றை விரலால் ஒரு ‘உ’ போட்டேன். அதன் கீழே அவள் மளமளவென்று அடித்து, பிரிண்ட் எடுத்து, கையெழுத்துக்குக் கொண்டுபோனாள்.

அதிகாரி தாளைப் பார்த்தார். சான்றிதழின் உச்சியில் என் சுழி அப்படியே நிற்கிறது.

“இது யாரு போட்டது?”

நான் தரையைப் பார்த்தேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

“ராகு காலத்துல ஆரம்பிச்சிருக்கீங்க. சுழியாவது இருக்கட்டும்” என்று கையெழுத்துப் போட்டார்.

பஸ்ஸைப் பிடித்தேன், விண்ணப்பத்தையும் கொடுத்தாயிற்று.

புது சிஸ்டத்தை அமைச்சர் தொடங்கி வைத்தார் என்று பேப்பரில் வந்தால் நம்பாதீர்கள். எனக்கு மாலை போட விரும்புகிறவர்கள் கீழே பெயர் கொடுக்கலாம்.