யூலாலியாவுக்குத் தெரியாத ஸ்பானிஷ்

இங்கிலீஷ் தெரியாமல் எங்கள் பள்ளிக்கு வரும் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக்கொடுப்பது லோர்னாவின் வேலை. நெப்ராஸ்காவில் எங்கள் ஊருக்குப் பன்றிக்கறித் தொழிற்சாலை வந்த பிறகு அப்படிப்பட்ட பிள்ளைகளுக்குக் குறைவில்லை. அவளுக்கு வகுப்பறைதான் இல்லை. ஜிம்முக்குப் பின்னால், பந்துகள் போட்டுவைக்கும் அறையில் நாற்காலி போட்டு நடத்துவாள். யாராவது டீச்சர் லீவு போட்டால் அதுவும் போச்சு. அந்த வகுப்பைப் பார்த்துக்கொள்ள லோர்னாவை அனுப்பிவிடுவார்கள்.

போன இலையுதிர் காலத்தில் குவாத்தமாலாவிலிருந்து யூலாலியா வந்தாள். ஏழு வயது. அலுவலகப் பெண் ஸ்பானிஷில் எவ்வளவோ கேட்டும் வாய் திறக்கவில்லை. புத்தி மந்தம்போல, சிறப்பு வகுப்புக்கு அனுப்பிவிடலாம் என்றார் பிரின்சிபால் ஹௌகன்.

"சொந்த பாஷையிலயே பேசமாட்டேங்குதே, லோர்னா."

"அது அவ பாஷையே இல்ல. அவங்க வீட்ல கன்ஹோபால்னு ஒரு மாயன் பாஷை பேசுறாங்க. நமக்கு சீன மொழி எப்படியோ, அவளுக்கு ஸ்பானிஷ் அப்படி."

யூலாலியாவைப் பற்றிய கூட்டத்துக்குக் கூட்டம் லோர்னா இதையே சொன்னாள். எல்லோரும் தலையாட்டுவார்கள். அடுத்த கூட்டத்துக்கும் ஸ்பானிஷ் மொழிபெயர்ப்பாளர்தான் வருவார். பந்து அறைக்கு எதிர் வகுப்பு டீச்சரான என்னிடம் வந்து, சுவரோடு பேசினால்கூட எதிரொலியாவது வரும் என்று பொருமுவாள்.

கடைசியில் அவளே சர்ச்சில் விசாரித்து, யூலாலியாவின் அத்தை மிகேலாவைத் தேடிப் பிடித்தாள். தொழிற்சாலையில் இரவு ஷிஃப்ட் முடித்துத் தூங்காமல் அடுத்த கூட்டத்துக்கு வந்த மிகேலா, யூலாலியாவிடம் தங்கள் மொழியில் ஏதோ கேட்டாள். அவ்வளவுதான், அந்தக் குழந்தை மடை திறந்த மாதிரி கொட்டித் தீர்த்தது. மிகேலா தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னாள்:

"ஒரே கேள்விய ஏன் எல்லாரும் சத்தமா, இன்னும் சத்தமா கேக்குறாங்கன்னு கேக்குறா, டீச்சர். அவளுக்குக் காது நல்லாத்தான் கேக்குதாம்."

ஹௌகனே சிரித்துவிட்டார். சிறப்பு வகுப்புப் பேச்சு அதோடு நின்றது.

வாரத்தில் சில மணி நேரமாவது மிகேலாவைச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று லோர்னா கேட்டாள். பட்ஜெட்டில் இடமில்லை என்றார்கள். கிறிஸ்துமஸ் கழிந்ததும் இன்னும் இரண்டு பள்ளிகளை லோர்னா தலையில் கட்டினார்கள். எங்களுக்கு இப்போது செவ்வாய்க்கிழமை மட்டும்தான் வருகிறாள்.

கார் நிறுத்துமிடத்தில், கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டிக்கொண்டே சொன்னாள்: "கத்தணும்போல இருக்கு. யாரப் பாத்துக் கத்துறது? எல்லாரும் நல்லவங்களாவே இருக்காங்க."

லோர்னா வராத நாட்களில் யூலாலியா தன் வகுப்பின் கடைசி வரிசையில் உட்கார்ந்து கோழிகளாக வரைகிறாள்.