சின்னவளின் கழுத்து

என் மூத்த மகள் கழுத்திலிருந்து தைராய்டு கட்டியை எடுத்த தஞ்சாவூர் டாக்டரம்மா என்னை உட்கார வைத்துப் பேசினார்.

"இது பரம்பரையா வர்ற வகைம்மா. சின்னவளுக்கும் வருஷா வருஷம் கழுத்தை ஸ்கேன் பண்ணிப் பாக்கணும். சீக்கிரம் கண்டுபிடிச்சா பயமில்ல. உங்க ரெண்டு பேர் வீட்லயும் யாருக்காவது இப்படி இருந்துச்சா?"

என் வீட்டில் இல்லை. கூத்தாநல்லூர் திரும்பியதும் துபாயிலிருந்த என் வீட்டுக்காரரைப் போனில் கேட்டேன்.

"எங்க குடும்பத்துல ஒருத்தருக்கும் கிடையாது. சின்னவளை ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போகாத. ஊருக்குத் தெரிஞ்சா நாளைக்கு யாரு கட்டுவா?"

நம்பினேன். "எல்லாம் அவ வீட்டு ரத்தம்" என்று மாமியார் ஜாடை பேசியபோதும் பொறுத்துக்கொண்டேன். இரண்டு வருஷம் வீணாகப் போயிற்று.

பிறகு, மலேசியாவில் கட்டிக்கொடுத்திருந்த அவருடைய அக்கா, என் மதினி, ஒரு கல்யாணத்துக்கு வந்தார். வீட்டுக்குள் பெண்கள் மட்டும் இருக்கும்போதும் கழுத்தைச் சுற்றிய முக்காட்டை எடுக்கவில்லை. என்ன ஒரு பக்தி என்று மெச்சினேன், மடச்சி! தொழுகைக்கு முன் முகம் கைகால் கழுவி ஒளு செய்யக் குழாயடியில் முக்காட்டைத் தளர்த்தியபோதுதான் பார்த்தேன். மூத்தவளுக்கு இருக்கிற அதே தழும்பு, அதே இடத்தில்.

"என் நிக்காஹ்வுக்கு முன்னாடி செஞ்ச ஆபரேஷன்மா. உனக்குத் தெரியாதா? தம்பிதானே ஆஸ்பத்திரியில கூடவே இருந்தான்" என்றார் மதினி.

உடனே துபாய்க்குப் போனைப் போட்டுக் கத்தினேன்.

"சொல்லியிருந்தா உங்க அத்தா எனக்குப் பொண்ணு கொடுத்திருப்பாரா?" என்றார், கொஞ்சமும் கூசாமல்.

படுபாவி! என்னை ஏமாற்றிக் கட்டிக்கொண்டது போகட்டும். சின்னவள் இந்த மனுஷன் பெற்ற பிள்ளை இல்லையா? போனை வைத்துவிட்டேன்.

மறுநாள் யாரிடமும் சொல்லாமல் சின்னவளைக் கூட்டிக்கொண்டு மன்னார்குடி போய், தஞ்சாவூர் பஸ் பிடித்தேன். அவள் கழுத்தைத் தொட்டதுமே டாக்டரம்மாவின் முகம் மாறியது. ஸ்கேன் எடுத்தார்கள். கட்டி இருந்தது.

"வெளியிலேர்ந்து தொட்டாலே தெரியுதேம்மா. வீட்ல யாருமே பாக்கலையா?"

சின்னவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அத்தா லீவுல வந்தப்பவே தொட்டுப் பாத்தாங்க உம்மா. உம்மாகிட்ட சொல்லாத, அழுவாங்கன்னு சொன்னாங்க. நானும் சொல்லவே இல்ல."